கணக்கு சரி, விரல் எங்கே?

பரதநாட்டியத்துக்கு வாசிக்கும் புல்லாங்குழல் கலைஞரின் பையில் பல நீளங்களில் குழல்கள் இருக்கும். பாடகரின் சுருதி நாலு கட்டையா, ஐந்து கட்டையா என்று பார்த்து எடுப்பார். குழல் மாறும், 'ச' வாசிக்கும் விரல் மாறாது. மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவின் கிளாரினெட் கலைஞரும் அப்படித்தான், பி-ஃப்ளாட் கிளாரினெட்டையும் ஏ கிளாரினெட்டையும் சேர்த்தே கொண்டுவருவார். தாளில் 'சி' இருந்தால் இரண்டுக்கும் விரல் ஒன்றே. ஆனால் முதலாவதில் பி-ஃப்ளாட் கேட்கும், இரண்டாவதில் ஏ. நம் 'ச' சுருதியோடு நகரும். ஸ்டாஃப் நொட்டேஷனில் சி நகராது. ஆகவே எழுதுவது ஒன்று, கேட்பது ஒன்று என்ற இரட்டைக் கணக்கு. எஃப் ஹார்னில் எழுதியதைவிட ஏழு அரைச்சுரம் கீழே ஒலிக்கும், ஆல்டோ சாக்ஸபோனில் ஒன்பது, டெனரில் பதினான்கு.

சிபேலியஸ், டோரிகோ, மியூஸ்ஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருள்கள் இந்தக் கணக்கை ஒரு பொத்தானுக்குள் அடக்கிவிட்டன. அழுத்தினால் எல்லா வாத்தியமும் ஒலிக்கும்படியே தெரியும். விட்டால் வாசிப்பவர் பார்க்கும்படி தெரியும். நாற்பது பக்க ஸ்கோரில் ஹார்ன் பார்ட்டைக் கையால் ஏழு அரைச்சுரம் ஏற்றி எழுதியவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று. இயந்திரம் ஒரு சுரத்தைக்கூடத் தவறாக எண்ணாது.

ஆனால் பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஸ்கோர் உரக்கச் சொல்வதில்லை. அச்சான பழைய பி-ஃப்ளாட் கிளாரினெட் பார்ட் ஒன்றைப் பார்த்து, கான்சர்ட் பிட்ச் நிலையில், அதாவது ஒலிக்கும்படி காட்டும் நிலையில், அப்படியே தட்டச்சு செய்தால், தாளின் 'சி' ஒலிக்கும் சி ஆகவே பதிவாகிவிடும். பொத்தானை விட்டதும் அது 'டி' ஆகத் தெரியும். இது கவனக்குறைவு, முதல் ஒத்திகையிலேயே காது பிடித்துவிடும்.

காது பிடிக்காத பிழைகள்தான் எனக்குக் கவலை. இ மேஜரில் ஒரு பாடல், கிட்டாருக்கு ரொம்ப வசதியான சுருதி. அதை ஆல்டோ சாக்ஸபோனுக்கு மாற்றினால் சி-ஷார்ப் மேஜர் வரும், ஏழு ஷார்ப். நடுவே ஒரு பி-ஷார்ப் வந்தால் சாக்ஸ்காரர் ஜி-க்கு முன்னால் இரட்டை ஷார்ப்பைப் பார்ப்பார். கணக்குப்படி அதில் குற்றமே இல்லை. ஐந்து ஃப்ளாட்டோடு டி-ஃப்ளாட் மேஜரில் எழுதியிருந்தால் அதே இடத்தில் சாதாரண ஏ இருந்திருக்கும். ஒலி ஒன்றுதான், படிக்கும் சிரமம் வேறு. டோரிகோ இத்தகைய இடத்தில் எளிய சுருதியைத் தானே தேர்ந்தெடுக்கும். மியூஸ்ஸ்கோர் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒலிக்கும் பெயர், எழுதும் பெயர் என்று இரண்டையும் கோப்பில் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. ஒன்றைத் தொடாமல் மற்றதைத் திருத்தலாம். என் பார்வையில் இந்தத் துறையின் மிக நேர்மையான வடிவமைப்பு இதுதான். ஆனால் திருத்தவேண்டிய இடம் எது என்பதை அதனாலும் சொல்ல முடியாது.

அடுத்தது விரல். கிளாரினெட் ஸ்டாஃபில் நடுக்கோட்டு பி-க்கும் அதன் அடியில் உள்ள பி-ஃப்ளாட்டுக்கும் அரைச்சுர தூரம்தான். ஆனால் பி-ஃப்ளாட்டில் குழலின் பெரும்பாலான துளைகள் திறந்திருக்கும். பி-க்கு எல்லாவற்றையும் மூட வேண்டும். கிளாரினெட்காரர்கள் 'பிரேக்' என்று சொல்லும் எல்லை இது. வேகமாக இங்கும் அங்கும் தாண்டச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். கான்சர்ட் பிட்ச் ஸ்கோரில் இதே இடம் ஏ-ஃப்ளாட், ஏ என்று பரம சாதுவாக நிற்கும். மென்பொருளின் கிளாரினெட் ஒலிக்கோ விரலே கிடையாது, வழுக்கிக்கொண்டு வாசித்துக் காட்டும். எழுதியவர் திருப்தியாக அச்சிடுவார்.

கான்சர்ட் பிட்ச்சில் எழுதுவதே தவறென்று சொல்லவில்லை. இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் ஸ்கோர்கள் அப்படித்தான்; கண்டக்டருக்கு இசைவுகளைப் படிக்க அது சௌகரியம். ஆனால் அத்தகைய ஸ்கோரிலிருந்து வாசிப்பவருக்கான பார்ட்டைப் பெயர்த்தெழுத அன்று ஒரு நகலெழுத்தாளர் தேவைப்பட்டார். பி-யை மறுபடி பி-ஃப்ளாட்டுக்கு அருகில் வரைந்துகொண்டே, 'இது இந்த வேகத்தில் வருமா?' என்று கேட்க அவருக்கு வாய்ப்பிருந்தது. பொத்தான் அந்த உழைப்பை நீக்கியது. கேள்வி கேட்கும் இரண்டாவது ஜோடிக் கண்களும் கூடவே போய்விட்டன. இந்த இழப்பை எந்த மென்பொருள் விளம்பரமும் கணக்கில் சேர்ப்பதில்லை.

2024 ஆகஸ்டில் ஃபினாலே என்ற இசை எழுதும் மென்பொருளின் வளர்ச்சியை நிறுத்துவதாக அதன் நிறுவனமான மேக்மியூசிக் அறிவித்ததால், பழைய ஸ்கோர்கள் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற கோப்பு வடிவம் வழியாக வேறு மென்பொருள்களுக்குக் குடிபெயர்கின்றன. அந்த வடிவம் எழுதிய சுரத்தைப் பதிந்து, ஒலிக்கும் சுரத்துக்கு எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைத் தனியே குறிக்கும். எண்ணிக்கை பத்திரமாகப் போய்ச் சேரும். குடிபெயர்த்தவர்கள் ஸ்கோரை ஒலிக்கவிட்டுப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அதைவிட, பொத்தானை விட்டு, சாக்ஸபோன், கிளாரினெட், ஹார்ன் பார்ட்டுகளைத் தனித்தனியாக அச்சிட்டு, அந்த வாத்தியம் வாசிக்கிற ஒருவரிடம் ஒரு மாலை கொடுத்து வைப்பது பலன் தரும். எங்கெங்கே பென்சில் விழுகிறது என்று பார்த்துத் திருத்தலாம்.