பெயர் நிலைத்தவரும் பெயரற்றவரும்

கரியாலூரில் கூடிய போதகர் கூடுகையொன்றில் நினைவு ஞாயிறு வழிபாட்டு முறை ஆராயப்பட்டது. போரில் மாண்டோரின் பெயர் என்றென்றும் வாழும் எனப் பொருள்படும் வாசகம் அதில் வாசிக்கப்பட்டதும், மலைச்சபை மூப்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத எங்கள் பெரிய பாட்டனாரின் பெயர் எங்கே வாழ்கிறது?" என்றார். அவ்வாசகத்தைத் திறனாய்வு செய்யும் கடமையை அக்கேள்வியே நம்மீது சுமத்திற்று.

இதைப் பரப்பியது, 1917இல் தோன்றி இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படும் நிறுவனமே. தெரிந்தெடுத்துக் கொடுத்தவர் ருட்யார்டு கிப்ளிங். 1915இல் லூஸ் போர்க்களத்தில் மகனை இழந்து, அவனுடைய உடலைக்கூடக் காணாத தகப்பன் அவர். தள்ளுபடி ஆகமமாகிய சீராக்கின் 44ஆம் அதிகாரத்தில் 14ஆம் வசனத்தின் பிற்பாதியே கல்லில் ஏறியது. ஐந்து வசனங்களுக்கு முன்பாக அதே ஞானி, நினைவுச் சின்னம் ஏதுமின்றிப் பிறவாதவர்போல் மறைந்தோரையும் எண்ணிப் பார்க்கிறார். அவ்வசனம் ஏறவில்லை.

சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போர்க்கால வீரர் 850க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். முதற்போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவெங்கும் பேணவியலாத குழிகளில் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. குழி அழிந்தும் பெயர் தப்பியது, நன்று. ஆனால் ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்திலோ, இந்தியச் சாதாரணச் சிப்பாய்கள் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர்; அதிகாரிகளுக்கே பெயர் வாய்த்தது. இறந்தோர் யாவரும் சமம் என்பது ஆணையத்தின் கொள்கை! ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் பெரும்பாலோராக, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று ஆணையத்தின் விசாரணைக் குழுவே 2021இல் அறிக்கையிட்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது.

கிப்ளிங்கைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் நறுக்கிய வசனத்தை நமது பீடங்களில் ஆண்டுதோறும் வாசிப்போர் நாமல்லவா? (நன்கொடையாளர் பெயர்ப்பலகை இல்லாத ஆலயம் நம்மிடையே எத்தனை?) நாம் கோருவது, அதிகாரத்தின் முதல் பதினைந்து வசனங்களும் முழுமையாக வாசிக்கப்படுவதே. தள்ளுபடி ஆகமத்தை ஆலயத்தில் வாசிக்கலாமா என்று ஒரு நண்பர் தடை எழுப்பினார். உபதேசத்தை நிலைநாட்ட அல்ல, வாழ்க்கை முன்மாதிரிக்காக வாசிக்க ஆங்கிலிக்கத் திருச்சபையின் 6ஆம் கோட்பாடு இடமளிக்கிறது. மேலும், பாதி வசனத்துக்கு எழாத தடை முழு அதிகாரத்துக்கு மட்டும் எழுவானேன்?

மூப்பர் அன்று தம் பெரிய பாட்டனாரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துச் சென்றார். வழிபாட்டில் அது எவ்விடத்தில் வாசிக்கப்படவேண்டும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.