மெய்ப்பாடும் சைகையும்: ஓர் ஒப்பீட்டின் எல்லைகள்

முன்னுரை

பேச்சோடு இணைந்தெழும் கையசைவு, தலையசைவு, முகக்குறிப்பு ஆகியவற்றை ஆராயும் சைகையியல், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனித்துறையாக உருப்பெற்றது. டேவிட் மக்நீலின் 1992ஆம் ஆண்டு நூலும் ஆடம் கெண்டனின் 2004ஆம் ஆண்டு நூலும் அத்துறையின் அடிப்படை நூல்களாக மதிக்கப்படுகின்றன. இத்துறை இன்று கூறுவதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அன்றே கூறிவிட்டது என்னும் கூற்று தமிழாய்வரங்குகளில் ஒலிப்பதுண்டு. அக்கூற்று எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பொருந்தாத இடத்தில் ஒப்புமை காண்பதால் உண்மையாகப் பொருந்தும் இடம் கவனிக்கப்படாமற் போகிறது என்பதே இதன் கருதுகோள்.

எண்வகை மெய்ப்பாடும் எக்மன் பட்டியலும்

பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாட்டை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் கூறுகிறது. ஒப்பிடுவோர் பெரிதும் எடுத்துக்கொள்வது இப்பகுதியையே. போல் எக்மன் வகுத்த சினம், அச்சம், அருவருப்பு, மகிழ்ச்சி, துயரம், வியப்பு ஆகிய ஆறனையும் முறையே வெகுளி, அச்சம், இளிவரல், உவகை, அழுகை, மருட்கை என்பவற்றோடு நிரல்படுத்துதல் எளிது. ஆயின் அந்நிரல் இரண்டு இடங்களில் உடைகிறது.

முதலாவது இளிவரல். அதன் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. இவை ஒருவர் தம்மைத் தாழ்வாக உணரும் நிலையைக் குறிப்பன. அழுகிய பொருளைக் கண்டு முகஞ்சுளிப்பது இதனின் வேறு. முதுமையால் தளர்ந்தவர் பிறர்முன் கூசி நிற்பதை அருவருப்பு என்று பெயர்த்தால் நூலாசிரியர் கண்ட நுட்பம் முழுவதும் இழக்கப்படும். நகையும் பெருமிதமும் அப்பட்டியலில் இணையின்றி எஞ்சுவதும் கருதத்தக்கது.

இரண்டாவது தடை இன்னும் அடிப்படையானது. நிலைக்களன் என்பது உணர்ச்சி பிறக்கும் காரணம். உடலசைவின் வடிவம் அன்று. எள்ளலால் நகை பிறக்கும் என்று கூறும் நூற்பா, அவ்வேளையில் கை எவ்வாறு அசைந்தது என்று கூறவில்லை. கூறுதல் அதன் நோக்கமும் அன்று. மக்நீல் ஆராய்ந்தது வேறொரு பொருள். கதை சொல்பவர் ஒருவன் ஏறியதைச் சொல்லும் அதே கணத்தில் அவர் கை மேலெழுகிறது. இக்கையசைவு சொல்லோடு ஒருங்கே பிறக்கும் கருத்தின் மற்றொரு வடிவம் என்பது அவர் முடிபு. பிறவியிலேயே பார்வையற்றோரும் பேசுங்கால் கையசைக்கின்றனர் என ஐவர்சனும் கோல்டின்-மேடோவும் 1998இல் காட்டியமை, கையசைவு பிறரைப் பார்த்துக் கற்றது மட்டும் அன்று என்பதை உணர்த்துகிறது.

கவனிக்கப்படாத ஒப்புமை

உண்மையான ஒப்புமை அதே இயலின் பிற்பகுதியில், களவொழுக்கத்தில் தலைவியின் மெய்ப்பாடுகளை நிலைநிலையாகக் கூறும் நூற்பாக்களில் உள்ளது. கூந்தலை அவிழ்த்தல், காதணி ஒன்றைக் கழற்றுதல், அணிகலன்களைத் தடவிப் பார்த்தல், ஆடையைத் திருத்தி உடுத்தல் என்பன அங்கே ஒரு நிலைக்குரியனவாகத் தொகுக்கப்படுகின்றன. இவை காரணங்கள் அல்ல. கண்ணாற் காணத்தக்க அசைவுகள்.

எக்மனும் பிரீசனும் 1969இல் வெளியிட்ட ஐவகைப் பாகுபாட்டில், தன் உடலையோ உடைமையையோ தொட்டுத் திருத்தும் அசைவுகள் தனி வகையாக நிற்கின்றன. செய்பவர் எதனையும் அறிவிக்கக் கருதாவிடினும் காண்பவர் அவரது அகநிலையை அவற்றால் உய்த்துணர்கிறார். தொல்காப்பியர் தொகுத்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. அவர் இன்னும் ஒருபடி மேற்செல்கிறார்: இவ்வசைவுகளை உறவின் வளர்ச்சிப் படிநிலைகளோடு வரிசைப்படுத்துகிறார். நவீனப் பாகுபாட்டில் இவ்வரிசை இல்லை. பெருமை பேச வேண்டின் பேசத்தக்க இடம் இதுவே.

சுட்டும் கையும்

தமிழிலக்கணம் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்கிறது. இலக்கணக் கலைச்சொல்லும் சுட்டுவிரலின் பெயரும் ஒரே வினையடியிற் பிறந்தவை. உகரச் சுட்டு தமிழகப் பேச்சில் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத் தமிழில் உவன், உது, உங்கை என இன்றும் வழங்குகிறது. கேட்பவர் பக்கத்தையோ இடைநிலையையோ குறிக்கும் இச்சொற்களை உச்சரிக்கும்போது விரல் எத்திசை நீள்கிறது, கண் எங்கே செல்கிறது, கை அசையாதபோது முகவாய் அதன் வேலையைச் செய்கிறதா என்னும் வினாக்களுக்கு ஏட்டில் விடையில்லை. பேசுவோரை நேரிற் கண்டே விடை காண வேண்டும்.

எஃப்ரனின் முன்மாதிரி

இதற்கான முறையியல் டேவிட் எஃப்ரன் 1941இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. கையசைவு இனத்தின் பிறவிக்குணம் என்று நாசிச் சார்பாளர் எழுதிய காலத்தில், கொலம்பியாவில் பிரான்ஸ் போவாஸின் மாணவராயிருந்த எஃப்ரன், நியூயோர்க் நகரில் குடியேறிய கிழக்கைரோப்பிய யூதரையும் தென்னித்தாலியரையும் ஆராய்ந்தார். ஓவியர் ஒருவரின் வரைபடங்களும் திரைப்படச் சுருள்களும் அவருக்குச் சான்றாயின. இத்தாலியரின் கை தோளிலிருந்து வீச்சாக எழுந்தது. யூதரின் முழங்கை உடலை ஒட்டியிருக்க முன்கை இயங்கியது. அமெரிக்க வாழ்வில் கலந்துவிட்ட வழித்தோன்றல்களிடம் இவ்வேறுபாடு மங்கியிருந்தது. சைகை குருதியின் வழி வருவதன்று, சூழலின் வழி வருவது என்பது இதனால் நிறுவப்பட்டது.

புலம்பெயர்ந்த தமிழர் வாழ்வுக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும். பிறநாட்டு நகைச்சுவைக் காட்சிகளில் கேலிப்பொருளாக்கப்படும் தலையசைப்பு, உடன்பாடு, கவனம், பணிவு, தயக்கம் ஆகியவற்றை நுண்ணிய வேறுபாட்டால் உணர்த்த வல்லது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வளரும் பேரக்குழந்தைகள், வீட்டுமொழியை விளங்கிக்கொண்டும் இவ்வேறுபாட்டைப் படிக்க இயலாதிருக்கலாம். அகராதி சொல்லைக் காக்கும். தலையசைப்பைக் காக்க அகராதிக்கு வழியில்லை. புலம்பெயர்ந்த முதல் தலைமுறையினர் முதுமையடைந்துவிட்டனர். அவர்தம் உரையாடல்கள் காணொளியாகப் பதியப்பெறாவிடின் எதிர்கால ஆய்வுக்குச் சான்று எஞ்சாது.

முடிவுரை

மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரவல்லார்க்கே இப்பொருள் புலனாகும் என்னும் கருத்தினது. சொல்லையும் அசைவையும் ஒருங்கே கொள்க என்னும் கெண்டன், மக்நீல் ஆகியோரின் முறையியலுக்கு இதனினும் அணுக்கமான தமிழ்ச் சான்று வேண்டியதில்லை. முன்னரே கூறப்பட்டது என்று மெய்ப்பிப்பதோடு அமைவது அந்நூற்பாவின் நோக்கை நிறைவேற்றாது. அது வேண்டுவது காணும் கண்ணும் கேட்கும் செவியுமே.