பெயருள்ள மாளிகைகளும் எண்ணிட்ட சந்துகளும்: தாமஸ் ஆனனின் கிளாஸ்கோ ஒளிப்படங்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1801இல் ஏறத்தாழ 77 ஆயிரம் மக்களே வாழ்ந்தனர். தொழிற்பெருக்கத்தால் 1871க்குள் அத்தொகை ஏறக்குறைய ஆறு மடங்கானது. நெரிசல்மிக்க பழைய குடியிருப்புகளை 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இடித்தகற்ற முனைந்த நகர மேம்பாட்டு வாரியத்தார், அவற்றைப் பதிவுசெய்யும் பணியைத் தாமஸ் ஆனனிடம் ஒப்படைத்தனர். 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த அப்படங்களை வறியோர்க்காக எழுந்த கண்டனக் குரலாகக் கொள்வாருளர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று.

ஒளி குன்றிய சந்துகளில் ஈரக் கொலோடியன் தகட்டுக்கு நெடுநேரம் ஒளி காட்ட வேண்டியிருந்தது. ஆதலின் கற்சுவர்கள் துல்லியமாகப் பதிந்தன. அசைந்த மனிதரோ மங்கிய நிழலாயினர். இது கருவியின் குறை; கலைஞரின் குற்றமன்று. ஆயின், தலைப்புகளில் காணும் மறைப்புக்குக் கருவியைக் காரணம் காட்டவியலாது. அவை தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் சுட்டும், வாழ்ந்தோரைச் சுட்டா.

கிளாஸ்கோச் செல்வர்தம் பழைய நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றி 1870இல் வெளிவந்த நூலுக்கும் 100 படங்களை ஆனனே எடுத்தளித்தார். அங்கு மாளிகைக்குப் பெயருண்டு. உரிமையாளரின் குடிவழி வரலாறும் உண்டு. கை ஒன்றே, பணித்தோர் நோக்கமே வேறு. இவ்விரு தொகுப்புகளையும் இணைத்து நோக்கும்போதுதான் அந்நகரின் முரண் முழுமையாகப் புலப்படுகிறது என்பது நம் துணிபு. ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது காட்டுவதை மட்டுமன்றி, யார் எதற்காக எடுப்பித்தனர் என்பதையும் வினவுதல் வேண்டும்.