பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான் பாடத்தில் தரவினமும் இனக்குழுவும்: ஒரு திறனாய்வு

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக்கான கணினி அறிவியல் பாடநூல், புதிய பாடத்திட்டத்தின்படி 2019 ஆம் ஆண்டு வெளிவந்தது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய இந்நூலைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிட்டது. தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் கிடைக்கும் இந்நூல் பைத்தான் நிரலாக்க மொழியை மையமாகக் கொண்டது. உள்ளமைந்த தரவினங்களையும் பயனர் உருவாக்கும் இனக்குழுக்களையும் இந்நூல் எவ்வாறு அறிமுகப்படுத்துகிறது, இரண்டுக்கும் உள்ள உறவை எந்த அளவுக்கு விளக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடநூலின் முக்கியத்துவம்

சென்னையிலோ கோவையிலோ படிக்கும் மாணவருக்குப் பாடநூல் பல வழிகளுள் ஒன்று. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், அரூர், பாலக்கோடு போன்ற வட்டங்களில் உள்ள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் மாணவருக்கு நிலைமை வேறு. பைத்தான் பற்றிய நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவர் கையில் இருக்கும் பாடநூலே பெரும்பாலும் முதல் நூலாகவும் முடிவான நூலாகவும் அமைந்துவிடுகிறது. அதில் விடுபட்ட கருத்து அவருக்கு விடுபட்டதுதான். கல்லூரியில் பொறியியலோ கணினி அறிவியலோ படிக்கச் செல்லும்போதுதான் அந்த இடைவெளி தெரியவரும். ஆகவே இந்நூலின் குறைகளைப் பேசுவது வெறும் நுணுக்கம் பார்ப்பதாகாது.

பாடம் சொல்வன

நூலின் ஏழாம் பாடம் செயற்கூறுகளைப் பற்றியது. அங்கு உள்ளமைந்த செயற்கூறுகளின் அட்டவணையில் 'டைப்' என்பதும் இடம்பெறுகிறது. ஒரு மதிப்பைக் கொடுத்தால் அதன் தரவினத்தைத் திருப்பித் தரும் செயற்கூறு என்ற அளவில் அது விளக்கப்படுகிறது. பின்னப் புள்ளி எண்ணைக் கொடுத்தால் திரையில் வரும் விடையில் 'கிளாஸ்' என்ற சொல்லும் 'ஃபுளோட்' என்ற சொல்லும் சேர்ந்தே வருகின்றன. ஒன்பதாம் பாடம் லிஸ்ட், டியூபிள், செட், டிக்ஷனரி ஆகிய தொகுப்புத் தரவினங்களை விளக்குகிறது. பத்தாம் பாடம் இனக்குழுக்களையும் பொருள்களையும் விளக்குகிறது.

பத்தாம் பாடத்தின் முன்னுரையில் மிக முக்கியமான கருத்து ஒன்று உள்ளது. பைத்தானில் அனைத்தும் பொருள்களே என்றும், முழு எண்கள் 'இன்ட்' என்னும் இனக்குழுவின் பொருள்கள் என்றும் நூல் கூறுகிறது. இது முற்றிலும் சரியான கூற்று. ஆனால் அடுத்த பத்தியிலிருந்து பாடம் அதை மறந்துவிடுகிறது. இனக்குழுவை வரையறுத்தல், பொருள் உருவாக்குதல், ஆக்கி, அழிப்பி, பொது உறுப்புகள், தனியார் உறுப்புகள் என்று பாடம் செல்கிறது. முன்னுரையில் சொன்னதை மெய்ப்பிக்கும் ஒரு சிறு நிரல்கூட இல்லை. ஏழாம் பாடத்திலேயே மாணவர் திரையில் கண்ட 'கிளாஸ்' என்ற சொல்லும் பத்தாம் பாடத்தின் தலைப்பும் ஒன்றே என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

சி++ மொழியின் நிழல்

இதற்குக் காரணம் பாடத்தின் கட்டமைப்பில் உள்ளது. மேல்நிலை முதலாம் ஆண்டில் மாணவர்கள் சி++ மொழியைப் படிக்கின்றனர். அம்மொழியில் 'இன்ட்' என்பது அடிப்படைத் தரவினம். அது இனக்குழு அன்று. இனக்குழு என்பது நிரலர் வரையறுப்பது. நிரல்பெயர்ப்பி நிரலை மொழிபெயர்க்கும்போதே எல்லா இனக்குழுக்களும் தீர்மானிக்கப்பட்டுவிடும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய இனக்குழுவை உருவாக்க இயலாது. சி++ ஐப் பொறுத்தவரை தரவினம் வேறு, இனக்குழு வேறு என்று மாணவர் மனத்தில் பதிவது இயல்பு.

பன்னிரண்டாம் வகுப்பின் பத்தாம் பாடம் அந்த மனப்பதிவை மாற்ற வேண்டிய இடம். ஆனால் ஆக்கி, அழிப்பி, பொது, தனியார் என்ற அதன் வரிசையே சி++ பாடத்தின் வரிசையாக உள்ளது. இதன் விளைவுகளை மூன்று இடங்களில் காணலாம்.

முதலாவது, இரட்டை அடிக்கீறுடன் தொடங்கும் மாறி இனக்குழுவுக்கு உள்ளே மட்டுமே அணுகத்தக்கது என்னும் விளக்கம். சி++ இல் நிரல்பெயர்ப்பியே இத்தடையைக் காக்கிறது. பைத்தானில் அப்படியொரு காவல் இல்லை. மாறியின் பெயருக்கு முன் ஓர் அடிக்கீறும் இனக்குழுவின் பெயரும் சேர்க்கப்பட்டு, பெயர் மாற்றி வைக்கப்படுகிறது. மாற்றப்பட்ட பெயரை அறிந்தவர் வெளியிலிருந்தே அதை அணுகலாம். பூட்டிய கதவும் பெயர்ப்பலகை மாற்றிய கதவும் ஒன்றல்ல.

இரண்டாவது, செயற்கூறின் முதல் அளபுருவின் பெயர் 'செல்ஃப்' என்றே இருக்க வேண்டும் என்பது. அது மரபு, மொழியின் விதி அன்று. எல்லோரும் பின்பற்றும் நல்ல மரபு என்று சொல்லியிருந்தால் போதுமானது.

மூன்றாவது, ஆங்கிலப் பதிப்பில் சாதாரணச் செயற்கூறுகளையே 'கிளாஸ் மெத்தட்' என்று அழைப்பது. பைத்தானில் அப்பெயரில் வேறொன்று உள்ளது. அது பொருளைப் பெறாமல் இனக்குழுவையே முதல் அளபுருவாகப் பெறும். பின்னாளில் மாணவர் குழம்புவதற்கு இது வழிவகுக்கிறது.

இரண்டும் ஒன்றான வரலாறு

பைத்தானிலும் தரவினமும் இனக்குழுவும் தொடக்கத்தில் வெவ்வேறாகவே இருந்தன. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991 இல் வெளியிட்ட அம்மொழியில், 'இன்ட்', 'லிஸ்ட்' போன்றவை சி மொழியில் எழுதப்பட்ட உள்ளமைந்த தரவினங்கள். பயனர் எழுதும் இனக்குழுக்கள் வேறு சாதி. 'லிஸ்ட்' தரவினத்திலிருந்து புதிய இனக்குழுவைத் தருவிக்க அன்று இயலாது. அதற்காக லிஸ்ட் போலவே நடந்துகொள்ளும் தனி இனக்குழு ஒன்று நூலகத்தில் வைக்கப்பட்டிருந்தது. பயனர் உருவாக்கிய எந்தப் பொருளின் தரவினத்தைக் கேட்டாலும் 'இன்ஸ்டன்ஸ்' என்ற ஒரே விடை வந்தது.

2001 டிசம்பரில் வெளிவந்த 2.2 பதிப்பு இந்தப் பிரிவினையை நீக்கத் தொடங்கியது. 2008 டிசம்பரில் வெளிவந்த 3.0 பதிப்பில் பழைய வகை இனக்குழுக்கள் முற்றிலும் கைவிடப்பட்டன. 2 ஆம் வரிசைப் பதிப்புகளில் முழு எண்ணின் தரவினத்தைக் கேட்டால் விடையில் 'டைப்' என்ற சொல் வரும். 3 ஆம் வரிசையில் 'கிளாஸ்' என்று வரும். அந்த ஒரு சொல் மாற்றத்துக்குப் பின்னால் ஏழாண்டு உழைப்பு உள்ளது. ஜாவா மொழியில் இன்றும் 'இன்ட்' அடிப்படைத் தரவினமாகவும் 'இன்டிஜர்' இனக்குழுவாகவும் தனித்தனியே உள்ளன. ரூபி மொழியிலோ முழு எண்ணும் பொருளே. மொழி வடிவமைப்பாளர் ஒவ்வொருவரும் முடிவு செய்தாக வேண்டிய வினா இது. மொழியின் வரலாற்றைச் சொல்லும் பாடநூல் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

ஒன்றான பின் மாணவர் செய்யக்கூடியவை பல. 'இன்ட்' இலிருந்து 'மதிப்பெண்' என்னும் இனக்குழுவைத் தருவித்து, 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி என்று சொல்லும் செயற்கூறு ஒன்றை அதில் சேர்க்கலாம். அம்மதிப்பெண்களைச் சாதாரண எண்களைப் போலவே கூட்டலாம், ஒப்பிடலாம். கூட்டி வரும் விடை 'மதிப்பெண்' ஆக இராது, வெறும் 'இன்ட்' ஆகிவிடும் என்பதைக் கண்டு, ஏன் என்று வகுப்பில் கேட்கலாம். 'ட்ரூ' என்பதையும் 'ட்ரூ' என்பதையும் கூட்டினால் 2 வருவது ஏன் என்பதற்கும் விடை இங்கேதான் உள்ளது: 'பூல்' என்பது 'இன்ட்' இலிருந்து தருவிக்கப்பட்ட இனக்குழு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பின் பத்தாம் பாடத்தில் மரபுரிமம் இடம்பெறாததால் இவை எதுவும் மாணவருக்கு எட்டுவதில்லை.

இயக்கநேர இனக்குழு ஆக்கம்

'டைப்' செயற்கூறுக்கு இன்னொரு முகம் உண்டு. ஒரு மதிப்பைக் கொடுத்தால் அதன் இனக்குழுவைச் சொல்லும். மூன்று மதிப்புகளைக் கொடுத்தால் புதிய இனக்குழுவையே படைத்துத் தரும். முதல் மதிப்பு இனக்குழுவின் பெயர். இரண்டாவது, அது எந்த இனக்குழுக்களிலிருந்து பிறக்கிறது என்பதைச் சொல்லும் டியூபிள். மூன்றாவது, அதன் மாறிகளையும் செயற்கூறுகளையும் கொண்ட டிக்ஷனரி. மூன்றில் இரண்டு மாணவர் ஒன்பதாம் பாடத்தில் படித்த தரவினங்களே என்பது கவனிக்கத்தக்கது.

இதை நிரலர்கள் எப்போதாவது கையாளும் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மாணவர் 'கிளாஸ்' என்று தொடங்கி எழுதும் சாதாரண வரையறையைப் பைத்தான் நிறைவேற்றும் முறையே இதுதான். வரையறையின் உட்பகுதி வரிவரியாக இயக்கப்படுகிறது. அங்கு உருவான பெயர்கள் ஒரு டிக்ஷனரியில் சேர்கின்றன. முடிவில் 'டைப்' அழைக்கப்பட்டு இனக்குழு உருவாகிறது. எனவே பைத்தானில் ஒவ்வோர் இனக்குழுவும் நிரல் ஓடும்போதே பிறக்கிறது. இனக்குழுவும் ஒரு பொருளே. அதை மாறியில் வைக்கலாம், செயற்கூறுக்கு அனுப்பலாம், லிஸ்டில் அடுக்கலாம். முன்னுரை சொல்லும் 'அனைத்தும் பொருள்களே' என்பதன் முழுப்பொருள் இதுவே.

ஒரு மாதிரிப் பயிற்சி

பாடநூலின் பதின்மூன்றாம் பாடம் சிஎஸ்வி கோப்புகளைக் கையாளக் கற்பிக்கிறது. இனக்குழுப் பாடத்தையும் அதையும் இணைக்கும் பயிற்சி ஒன்றை எளிதில் அமைக்கலாம். தருமபுரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த பகுதி. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் உள்ளன. நடுகல் கல்வெட்டுகளில் பொதுவாக அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் இறந்துபட்ட நிகழ்ச்சி ஆகியவை இருக்கும். மாணவர்கள் தம் வட்டாரத்து நடுகற்களைப் பட்டியலிட்டு, 'ஊர்', 'அரசன்', 'ஆட்சியாண்டு', 'வீரன்', 'நிகழ்ச்சி' என்ற தலைப்புகளுடன் கோப்பாக்கலாம்.

நிரல் எழுதும்போது இத்தலைப்புகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோப்பின் முதல் வரியைப் படித்து, அதை 'நேம்டு டியூபிள்' என்னும் நூலகச் செயற்கூறுக்கு அனுப்பினால், அத்தலைப்புகளையே உறுப்புகளாகக் கொண்ட 'நடுகல்' இனக்குழு அங்கேயே உருவாகும். அடுத்தடுத்த வரிகள் அதன் பொருள்களாகும். நாளை மழைமானிப் பதிவுகள் அடங்கிய வேறொரு கோப்பைக் கொடுத்தாலும் இனக்குழுவின் பெயரைத் தவிர நிரலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. உறுப்புகள் தாமாகவே மாறும். பைத்தான் 3 இல் மாறிகளுக்கும் இனக்குழுக்களுக்கும் தமிழ் எழுத்துகளில் பெயரிடலாம் என்பதால் 'கல்.ஊர்' என்று தமிழிலேயே எழுத முடியும். மொழியின் சொந்தச் சொற்களை மட்டும் ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். தலைப்புகளில் இடைவெளி இருந்தால் அவை பெயராகச் செல்லா என்பதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கலைச்சொற்கள்

'கிளாஸ்' என்பதற்கு 'இனக்குழு' என்னும் சொல்லைப் பாடநூல் ஆள்கிறது. வரலாற்றுப் பாடத்தில் இச்சொல் தொல்குடிச் சமூகத்தைக் குறிக்கும். அதியமான் ஆண்ட தகடூர்ப் பகுதியைப் பற்றிப் படிக்கும் மாணவர், காலையில் ஒரு பொருளிலும் மாலையில் வேறொரு பொருளிலும் அதே சொல்லைச் சந்திக்கிறார். 'குழு' என்பது பலர் கூடியிருப்பதைக் குறிப்பதால், இனக்குழு என்பது பொருள்களின் தொகுப்பு என்ற தவறான எண்ணமும் எழக்கூடும். இனக்குழு தொகுப்பன்று, பொருள்களை வார்க்கும் அச்சு.

எனினும் இக்கலைச்சொற்களில் ஒரு நன்மையும் மறைந்துள்ளது. ஆங்கிலத்தில் 'டைப்', 'கிளாஸ்' ஆகிய இரண்டும் தொடர்பற்ற சொற்கள். தமிழில் 'தரவினம்', 'இனக்குழு' ஆகிய இரண்டிலும் 'இனம்' என்னும் சொல் உள்ளது. பைத்தான் 2001 இல் தொடங்கி எட்டிய ஒருமையைத் தமிழ்க் கலைச்சொற்கள் இயல்பாகவே சுட்டுகின்றன. 'இரண்டும் இனமே' என்று ஒரே வரியில் விளக்கக் கிடைத்த இவ்வாய்ப்பைத் தமிழ்ப் பதிப்பு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மதிப்பீடு

பதினேழு வயது மாணவருக்கு இயக்கநேர இனக்குழு ஆக்கம் தேவையா என்னும் வினா நியாயமானதே. பதினாறு பாடங்களும் செய்முறைத் தேர்வும் உள்ள ஓராண்டில் ஆசிரியருக்கு நேரம் குறைவு. தொழில்முறை நிரலர்களிலும் பலர் 'டைப்' செயற்கூறை மூன்று மதிப்புகளுடன் நேரடியாக அழைப்பது அரிது. அளவுக்கு மீறி ஆளப்படும் இயக்கநேர ஆக்கம் நிரலைப் படிப்பவரைக் குழப்பும் என்பதும் உண்மை.

ஆனால் இங்கே கேட்கப்படுவது புதிய பாடம் அன்று. முன்னுரையில் நூல் தானே சொன்ன கருத்தை மூன்று சிறு செய்முறைகளால் மெய்ப்பித்தல் மட்டுமே. எண்ணின் இனக்குழுவையும் தாம் எழுதிய இனக்குழுவின் பொருளுக்குரிய இனக்குழுவையும் மாணவர் அடுத்தடுத்து அச்சிட்டுப் பார்த்தல் ஒன்று. 'இன்ட்' இலிருந்து ஓர் இனக்குழுவைத் தருவித்தல் மற்றொன்று. 'டைப்' கொண்டு ஓர் இனக்குழுவைப் படைத்தல் மூன்றாவது. கணினி ஆய்வகத்தில் ஒரு பாடவேளை போதும். அழிப்பிக்கு ஒதுக்கிய இடத்தைக் குறைத்தாலே நூலில் இதற்கு இடம் கிடைக்கும். அன்றாடப் பைத்தான் நிரல்களில் அழிப்பி எழுத வேண்டிய தேவை மிகக் குறைவு.

தமிழ் வழி மாணவருக்கு இக்காலத்து நிரலாக்க மொழியை அவர் மொழியிலேயே கொண்டு சேர்த்தது இப்பாடநூலின் மறுக்க முடியாத தொண்டு. பத்தாம் பாடம் சி++ இன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பைத்தானைப் பார்க்குமானால் அத்தொண்டு நிறைவு பெறும். அடுத்த திருத்தப் பதிப்பு வரும்வரை அந்த மூன்று செய்முறைகளை ஆசிரியர்கள் தாமே வகுப்பில் செய்து காட்டலாம். அதற்குத் தேவையானது பள்ளிக் கணினியில் ஏற்கெனவே உள்ள பைத்தான் மட்டுமே.