ஆவாரம் பட்டையும் நாவலும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரயில் ஆம்பூரை நெருங்கும்போது ஜன்னலை இறக்கிவிடுகிற பிரயாணிகளைப் பார்த்திருக்கிறேன். தோல் நாற்றம் தாங்கவில்லை என்பார்கள். வாணியம்பாடி தாண்டியதும் ஜன்னலைத் திறந்து, ஏலகிரி மலை எவ்வளவு அழகு என்பார்கள். நம்முடைய நாவல்களும் பெரும்பாலும் இப்படித்தான் பிரயாணம் செய்கின்றன என்பது என் அபிப்பிராயம். மலை வந்தால் இரண்டு பக்கம் வர்ணனை. நாற்றம் வந்தால் ஜன்னல் சாத்தியாகிவிடும்.

சாத்தாத நாவல்கள் இல்லாமல் இல்லை. எனக்கு உடனே ஞாபகம் வருபவை இரண்டு. ஒன்று, சா. கந்தசாமி 1960-களின் கடைசியில் தந்த ‘சாயாவனம்’. மற்றது, 2012-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ஒன்று காவிரிக் கரையில் ஒரு வனத்தை அழித்துச் சர்க்கரை ஆலை கட்டுகிற கதை. மற்றது திண்டுக்கல்லில் சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்த தொழிலாளிகள் சங்கம் கண்ட கதை. ஆனால் பாலாற்றங்கரையில் உட்கார்ந்து படித்தால், இரண்டும் ஒரே கதையின் இரு பாதிகளாகத் தோன்றுகின்றன.

‘சாயாவன’த்தின் சிறப்பு, ஆசிரியர் அழவில்லை என்பது. சிதம்பரம் காட்டைக் கொளுத்துகிறான், மூங்கில் வெடிக்கிறது, நமக்கு அவன் மேல் கோபம்கூட வருவதில்லை. அவனுடைய உழைப்பை ரசித்துக்கொண்டே போகிறோம். கடைசியில் ஊருக்குப் புளி இல்லாமற்போகிறது. அந்தப் புளி ஒன்று போதும். மரம் என்பது காட்சி அல்ல, சமையல் என்று அப்போதுதான் உறைக்கிறது. ‘தோல்’ நாவலின் பலம் வேறு. ஜாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவன், பிறர் தொடத் தயங்கும் தோலைத் தொட்டு, அதனாலேயே நோயும் கடனும் சுமந்து, பிறகு நிமிர்ந்து நிற்பதை அது சொல்கிறது. அதன் கண் முழுவதும் மனிதன் மேல் இருக்கிறது. அது குறை அல்ல. யாராவது ஒருவர் அப்படிப் பார்த்தாக வேண்டியிருந்தது.

ஆனாலும் இன்னொரு நாவலுக்கு இடம் இருக்கிறது. மரமும் தொழிலாளியும் ஒரே தொட்டியில் கலக்கிற நாவல் அது. நான் இதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. தோல் பதனிடும் தொட்டியில் அப்படித்தான் கலந்தன.

ஆவாரை நமக்குத் தெரிந்த செடிதான். புறம்போக்கில் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். சங்கப் பாட்டில் மடலேறுகிறவன் சூடும் பூவும் இதுதான். தோலை ஊற வைக்க நம் நாட்டார் பன்னெடுங்காலம் பயன்படுத்தியது இதன் பட்டையைத்தான். கொன்றைப் பட்டையும், மலையிலிருந்து வரும் கடுக்காயும் அதற்குத் துணை. பட்டைக்காகக் கிளையை வெட்டினால் செடி மறுபடி தழைக்கும். கருவண்டு அதன் பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கும். வெண்பச்சை நிறத்து வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்த இனத்துச் செடிகளின் இலைகளில் முட்டையிடும். ஆம்பூர்த் தோல் வியாபாரி அந்தப் பூச்சியை நினைத்திருக்க மாட்டான். ஆனாலும் அவன் கணக்குப் புத்தகமும் அந்தப் பூச்சியின் பிழைப்பும் ஒரே செடியில் தொங்கின.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரம் பெருகப் பெருக ஆவாரை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் என்கிற சீகை மரத்தின் பட்டை வந்தது. அந்த நாட்டின் நிறவெறியைக் கண்டித்து 1946-இல் இந்தியா அதனோடு வியாபாரத்தை நிறுத்தியது. சுதந்திரத்துக்குப் பின் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் சீகை ஏராளமாக நடப்பட்டது. தோலுக்குப் பட்டை வேண்டும் என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. மனிதனுடைய நியாயமான கோபம்கூட வரையாடு மேய்கிற புல்லைத் தொட்டுவிடுகிறது, பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த மரம் இன்று சோலைப் புல்வெளிகளில் தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. நட்ட காரணம் பலருக்கு மறந்தே போயிற்று.

1970-களில், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்குப் பதில் முழுச் சரக்காகச் செய்து அனுப்புங்கள் என்று அரசு நெருக்கியது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோமிய உப்பில் சீக்கிரமே பதமாயிற்று. ஆவாரையின் கிராக்கி விழுந்தது. பாலாற்றில் உப்பும் குரோமியமும் சேர்ந்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற ஆய்வை அதில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கெடுத்தவனே செலவைத் தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய கதைப் பின்னல் கிடைக்குமா?

ஏன் எழுதவில்லை? என்னையே முதலில் கேட்டுக்கொள்கிறேன். ஆம்பூரை வைத்து நானும் ஒரு நாவல் எழுதியவன். அது அச்சானதும், பட்டை மண்டியில் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் தேநீர்க் கடையில் அகப்பட்டார்.

“எப்படி பாய் இருக்கு?” என்றேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க, தம்பி. ஆனா உங்க கதையிலே ஆறு சலசலன்னு ஓடுது, நிலா அடிக்குது. எங்க ஆறு மணலுக்குக் கீழே ஓடுற ஆறு. அந்தத் தண்ணி கிணத்திலே வந்து நின்னாத்தான் எங்களுக்கு ஆறு. கிணத்தைப் பத்தி ஒரு வரி இல்லையே?”

நான் பதில் சொல்லவில்லை. ஆற்றை நான் அலங்காரமாக வைத்திருந்தேன். காதலர்கள் சந்திக்க ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். ‘இயற்கை வர்ணனை’ என்று பாடப் புத்தகத்தில் தனித் தலைப்புப் போட்டுப் படித்தவர்கள் நாம். தொல்காப்பியர் அப்படித் தலைப்புப் போடவில்லை. கருப்பொருள் என்று அவர் தருகிற பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை எல்லாம் வருகின்றன; அவற்றோடு அதே வரிசையில் மனிதன் செய்யும் தொழிலும் வருகிறது. தொழிலை ஒரு புறமும் மரத்தை மறு புறமும் அவர் பிரிக்கவில்லை. ஒரு நிலத்தில் எந்த மரம் நிற்கிறதோ அதற்கேற்ற தொழில். எந்தத் தொழில் நடக்கிறதோ அதற்கேற்ற மரம். இதைத் திணை இலக்கணம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு, நாவல் எழுத உட்காரும்போது மறந்துவிடுகிறோம்.

இப்படி எழுதுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தோல் முதலாளியை வில்லனாக்கி, ஆற்றைக் கண்ணீர் விடும் பெண்ணாக்கிவிட்டால் நாவல் முடிந்தது, உண்மை முடியாது. ஆம்பூரில் காலையில் சங்கு ஊதும்போது செருப்புத் தொழிற்சாலைக்குள் போகிற பெண்களைப் பார்க்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே வீட்டுக் கொல்லைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் இருக்கிறது. குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறாள். ஆலையை மூடு என்று அவளால் சொல்ல முடியாது. மூடாதே என்றும் சொல்ல முடியாது. அவளை எழுத முடிந்தால் அதுதான் நான் சொல்லும் நாவல்.

என் நாவலின் மறுபதிப்புக்குப் பதிப்பாளர் கேட்டிருக்கிறார். நிலா அடிக்கிற அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, முதலிலிருந்து எழுத வேண்டும் என்று சொல்லி அவகாசம் வாங்கியிருக்கிறேன். பாயைக் கூட்டிக்கொண்டு கிணறுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.