அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை

ஓசூர் சிப்காட்டில் கணவருக்கு வேலை. மனைவி கோபித்துக்கொண்டு குழந்தையோடு ஆனேக்கல்லில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து ஊர்தான், ஆனால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிய கர்நாடகம்; சட்டத்துக்கு அது வேறு மாநிலம். கணவர் ஓசூரில் விவாகரத்து மனு போடுகிறார். மனைவியும் தான் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் 2003-ல் வந்த திருத்தம் அதற்கு வழிசெய்தது. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கோ, பாதுகாவலர் பற்றிய 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்கு உரியது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு கோர்ட், இரண்டு வக்கீல், இரண்டு வாய்தா. இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்க இரு மாநில உயர் நீதிமன்றங்களாலும் முடியாது. டெல்லி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த 2003 திருத்தத்தை நான் குறைசொல்ல மாட்டேன். இடுப்பில் பிள்ளையோடு வெளியேறிய பெண்ணைப் புகுந்த ஊருக்கே அலையவிடாமல் காத்தது அது.

பிள்ளைக்கு எது நலம் என்று நம் நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வியும் சரியானதுதான். இந்துக் குழந்தைகளின் பாதுகாவலர் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையை முதல் பாதுகாவலர் என்றது. ஐந்து வயதுவரை பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்றது. இரண்டுக்கும் மேலாகப் பிள்ளையின் நலனை வைத்தது. சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில், 1973-ல், குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

கோளாறு, பதில் வரும் காலத்தில் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக வருடங்கள் ஓடுகின்றன. மூன்று வயதில் பிரிந்த பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்து கன்னடம் எழுதப் பழகிவிடுகிறது. பழகிய இடத்திலிருந்து பெயர்ப்பது நலனல்ல என்று பிறகு நீதிபதி சொன்னால், அதில் தவறு காண முடியாது. ஆனால் அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது தாமதம்தான். இடைக்கால ஏற்பாடே தீர்ப்பாகிவிடுகிறது.

அந்த இடைக்காலத்தில் நடக்கும் சந்திப்பைப் பாருங்கள். சனிக்கிழமை, நீதிமன்ற வளாகம், இரண்டு மணி நேரம். இரவு ஷிப்ட் முடித்த தகப்பன் தூங்காத கண்ணோடு, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கிறார். பிள்ளை பாட்டியின் முந்தானையை விடுவதில்லை. அடுத்த வாரம் அவருக்குப் பகல் ஷிப்ட், வர முடியாது. வராததையே எதிர்த்தரப்பு, அக்கறையில்லாத தகப்பன் என்று மனுவில் எழுதும். தாய் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவரென்றால் இதே அடி அவருக்கும் விழும்.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-ல் ஒரு வழக்கில் ஆறு மாதம் தந்தையிடம், ஆறு மாதம் தாயிடம் என்று பிள்ளையைப் பகிர்ந்தது. நல்ல மனத்தோடு செய்த ஏற்பாடுதான். இருவரும் ஒரே நகரத்தில், பள்ளிக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் பொருந்தும். எல்லையில் அப்படிச் செய்தால் பிள்ளைக்குப் பாடத்திட்டமும் வகுப்பு மொழியும் பாதி வருடத்தில் மாறிப்போகும்.

எனக்குப் படுவது இது: சந்திப்பு உத்தரவு முதல் சில வாய்தாக்களுக்குள்ளேயே வர வேண்டும். பெற்றோரின் ஷிப்ட் அட்டவணையை வாங்கிப் பார்த்து நாளைக் குறிக்க வேண்டும். 2020-ல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய வீடியோ அழைப்பை அதே உத்தரவில் சேர்க்கலாம். இடமும் கோர்ட் வராந்தாவாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை ஓடியாட ஒரு பூங்கா போதும்.