அரமும் ஆறு மாதச் சான்றிதழும்

சிங்கப்பூரின் பேர்ல்ஸ் ஹில் சரிவிலோ ஹோங் லிம் பூங்காவிலோ ஒரு கிளையை இறக்கினால் கீழே புல்தரை இருக்கும். சைனாடவுனின் உள் தெருக்களில் அந்த வசதி இல்லை. அங்கே கிளைக்குக் கீழே கடைவீட்டின் ஓட்டுக்கூரை, அதற்குக் கீழே ஐந்தடிப் பாதை, அதில் எந்நேரமும் ஆட்கள். வெட்டிய கிளையைக் கீழே விழவிட முடியாது. கயிற்றில் கட்டித் துண்டு துண்டாக இறக்க வேண்டும். அந்த நேரத்தில் எல்லாருடைய பாதுகாப்பும் கயிற்றையும் செயின்சாவையும் நம்பியே இருக்கிறது.

மரங்களைக் கவனிப்பதில் சிங்கப்பூரின் அக்கறை பெரியது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டுத் தொடங்கிய இயக்கம், இன்று 500,000க்கும் அதிகமான மரங்களை இணைய வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 11 அன்று பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவில் 270 வயதைக் கடந்த தெம்புசு மரம் சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். அதன் பிறகு மரச் சோதனை பற்றிப் பேசாதவர் இல்லை. மரத்தின் மேல் ஏறுபவரின் கருவிகளுக்கும் அதே அளவு கவனம் வேண்டும் என்பதே என் வாதம். சட்டம் இருக்கிறது. ஆனால் கருவி தேயும் வேகத்தோடு அது எப்போதும் ஒத்துப்போவதில்லை.

முதலில் சட்டத்தின் பலத்தைச் சொல்ல வேண்டும். ஆளைத் தூக்கும் சாதனத்தை 6 மாதத்துக்கு ஒருமுறையும், சரக்கை மட்டும் தூக்குவதை 12 மாதத்துக்கு ஒருமுறையும் அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆளை உயரே ஏற்றும் ஸ்கைலிஃப்டின் கை இணையும் இடத்தில் வெல்டிங் வெடித்திருந்தால் கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. ஹைட்ராலிக் குழாய் உள்ளுக்குள் நைந்திருப்பதும் தெரியாது. இவற்றைக் கண்டுபிடிக்கப் படித்த கண் வேண்டும். அது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருவது இன்னும் நல்லது. “இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடலாம்” என்று சூப்பர்வைசர் அந்தப் பரிசோதகரை நெருக்க முடியாது. இந்த ஏற்பாட்டைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் செயின்சாவின் சங்கிலி தேதி பார்த்து மழுங்குவதில்லை. மண் ஒட்டிய வேரில் ஒரு முறை பட்டால் போதும். அடிமரத்துக்குள் யாரோ எப்போதோ அடித்த ஆணியில் பட்டால் அந்த நொடியே பல் போய்விடும். கூரான சங்கிலி மரத்தைச் செதிள் செதிளாக எடுக்கும், மழுங்கியது மாவாகக் கொட்டும். மாவு கொட்டத் தொடங்கியதும் வேலையை நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் வெட்டுபவர் செயின்சாவை அழுத்துவார், அதிர்வு கையில் ஏறும், பாரும் சங்கிலியும் சூடேறும், இயந்திரமும் திணறும். தெம்புசு போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அரம் போடுவது பார்க்க எளிது, செய்ய நுட்பமானது. சங்கிலியின் அளவுக்குத் தக்க 4 மில்லிமீட்டர், 4.8, 5.2 என்று அரம் மாறும். பொதுவாக 30 பாகைச் சாய்வில், எல்லாப் பல்லும் ஒரே நீளம் வரும்படி அராவ வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் நீண்டுவிட்டால் வெட்டு வளைந்து போகும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடு, பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக வெட்ட ஆசைப்பட்டு அதை மேலும் அராவிவிட்டால், செயின்சா துள்ளி முகத்தை நோக்கி வரக்கூடும். இந்த மேட்டை ஒழுங்காக அராவினாரா என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது. வேலை தெரிந்த ஒருவர் தினமும் பார்த்தால்தான் உண்டு.

கயிறு இதைவிடக் கடினமான விஷயம். வேகமாக இறங்கினால் உராய்வுச் சூட்டில் மேல்நூல் உருகிப் பளபளப்பாக இறுகும். உள்நூல் அறுந்திருந்தால் விரலுக்கு ஒரு பள்ளமோ முடிச்சோ தட்டுப்படும். கையுறையைக் கழற்றிவிட்டு முழு நீளத்தையும் விரல்களுக்கிடையே ஓட விட்டால்தான் இவை தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. லாரியில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்த நைலான் கயிறு, அமிலம் பட்டு உள்ளேயே வலுவிழந்திருக்கும். மேலே கறைகூட இருக்காது. சிங்கப்பூர் வெயிலின் புறஊதாக் கதிர், தினசரி வியர்வை, அடிக்கடி பெய்யும் மழை எல்லாம் சேர்ந்துகொள்ளும். துணி, பிளாஸ்டிக் உறுப்புள்ள சாதனங்களுக்கு ஏறும் சாதனங்கள் செய்யும் பெட்ஸில் போன்ற நிறுவனம் அதிகபட்சம் 10 ஆண்டு ஆயுள் குறிக்கிறது. பத்து ஆண்டு என்பது உச்சவரம்பு. அன்றாடம் ஏறுபவருக்கு அதை உத்தரவாதமாகச் சொல்வது தவறு.

பழுதுபார்ப்பவர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். 2017 ஜூலையில் மூடப்படும் வரை லிட்டில் இந்தியாவை ஒட்டிய சுங்கை ரோடு சந்தையில் பழைய கருவிகள் கைமாறிக்கொண்டிருந்தன. பழையதைத் தூக்கிப்போடாத அந்தச் சிக்கனம் செயின்சாவுக்குப் பொருந்தும். ஸ்பார்க் பிளக், காற்று வடிகட்டி, கிளட்ச், சங்கிலியை ஓட்டும் பற்சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். செயின் பிரேக் பிடிக்கிறதா என்று மட்டும் தினமும் பார்த்தாக வேண்டும். ஆனால் “இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்” என்ற அதே பழக்கம் கயிற்றுக்கும் ஹார்னஸுக்கும் வரும்போது ஆபத்தாகிறது. தையல் பிரிந்த ஹார்னஸை ஊசி நூலால் தைத்துக் கட்டக் கூடாது. சங்கிலி பட்டுக் கிழிந்த பாதுகாப்புக் கால்சட்டையும் அப்படித்தான்: உள்ளே இருக்கும் நீள இழைகள் ஒருமுறை சங்கிலியில் சிக்கி அதை நிறுத்திவிட்டால் அதன் வேலை முடிந்தது. கிளை அரைக்கும் இயந்திரத்தின் கத்திகளையும் ஒன்றை மட்டும் மாற்றாமல் மொத்தமாக மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு யார் பணம் கொடுப்பது என்பதில்தான் நடைமுறையின் பெரிய ஓட்டை இருக்கிறது. வேலை ஒப்பந்ததாரரிடம் போகிறது. ஏறுபவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்தவர்கள். வேலை அனுமதிச்சீட்டும் அந்த முதலாளியையே சார்ந்தது. மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் எடுத்தவருக்கு ஒவ்வொரு புதுக் கயிறும் லாபத்திலிருந்து போகும் காசு. “அண்ணே, இந்தக் கயிறு வேண்டாம்” என்று சொல்ல ஏறுபவருக்குத் துணிச்சல் எங்கிருந்து வரும்? நேரமும் இப்படித்தான் பறிபோகிறது. வெப்ப அழுத்தத்தைக் காட்டும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை (WBGT) 32 பாகையைத் தொட்டால் கடின வேலை செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும் என்று 2023இல் மனிதவள அமைச்சு விதித்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அரம் போடச் சொல்வது ஓய்வைத் திருடுவதாகும்.

பேட்டரி செயின்சா வந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும் என்கிறார்கள். புகையும் சத்தமும் குறையும். கடைவீடுகளுக்கு நடுவே அது பெரிய நன்மை. சங்கிலி அதிலும் மழுங்கத்தான் செய்யும், அரம் அப்போதும் வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்க, கயிறு, சங்கிலி, ஹார்னஸ் ஆகியவற்றின் மாற்றுச் செலவை ஏலப்புள்ளியில் தனி வரியாகக் காட்டி, பில் கொடுத்தால் தனியாகப் பணம் தரலாம். அரம் போடும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிடலாம். பதிவேட்டில் பரிசோதகரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஏறுபவர் தமிழிலோ வங்காளத்திலோ எழுதவும் ஒரு கட்டம் இருக்கட்டும். அதில் அவர் “வேண்டாம்” என்று எழுதினால், சான்றிதழில் இன்னும் நான்கு மாதம் மீதியிருந்தாலும், வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடாதபடி அந்தக் கயிற்றை அன்றைக்கே அவர் கண்முன்னால் துண்டுகளாக நறுக்கிவிட வேண்டும்.